கோடை முகாம் முடிந்த மறுநாள்

ஏப்ரல் பிறந்தா எங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுல மாம்பழ வியாபாரி விளம்பரம் வர்றதுக்கு முன்னாடி ஒன்பது, பத்து, பதினொண்ணாம் வகுப்புப் பசங்களுக்கான சம்மர் கேம்ப் விளம்பரம் வந்துடும். நான் இருக்கறது முட்டுக்காடு. இங்கிருந்து கோவளம் போய் கேளம்பாக்கம் சாலையில திரும்பி ஓ.எம்.ஆர். ஏறினா, வடக்கே படூர், சிறுசேரி, அதையும் தாண்டின்னு பல்கலைக்கழகங்களும் பொறியியல் கல்லூரிகளும் வரிசையா நிக்குது. மே மாசம் விடுதிகள் காலி. காலி விடுதி, சும்மா இருக்கற ஆய்வகம், அனுப்பி வைச்ச வேலையை மறுக்க முடியாத இளம் விரிவுரையாளர்கள். கேம்ப் நடத்தத் தேவையானது எல்லாம் தயார். அஞ்சு நாள், தங்குமிடம், சாப்பாடு, "பல்கலைக்கழக அனுபவம்", கடைசி நாள் சான்றிதழ்.

மூணு வருஷமா இந்த வகை முகாம்களைப் பத்திக் கிடைச்சதைப் படிச்சுக் குறிப்பெடுத்துட்டு வர்றேன். நான் ஆசிரியர் இல்ல, கல்வியாளரும் இல்ல. சிறுசேரியில மென்பொருள் வேலை, பி.இ. படிச்சவன், அவ்வளவுதான். குறிப்பு எடுக்க ஆரம்பிச்சது என் பொண்ணு ஒரு முகாமுக்குப் போய் வந்ததுக்கு அப்புறம். அதனால அங்கிருந்தே தொடங்கறேன்.

முகாம் எந்த வளாகத்துல நடந்ததுங்கறது இங்க முக்கியமில்ல. எந்த வளாகமா இருந்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான்னு பல அப்பாக்கள்கிட்ட பேசித் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் நாள் குத்துவிளக்கு, அப்புறம் ரெண்டு மணி நேரம் மேடைப் பேச்சு. ரெண்டாம் நாள் செயற்கை நுண்ணறிவு பத்தி ஒரு பேச்சு, மத்தியானம் ஆய்வகங்களைச் சுத்திக் காட்டினாங்க. மூணாம் நாள் டிரோன் பறந்தது. பறக்க விட்டது கல்லூரி மாணவர், பசங்க கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாங்க. நாலாம் நாள் "ஆளுமை வளர்ச்சி". அஞ்சாம் நாள் டி-ஷர்ட், சான்றிதழ், குரூப் போட்டோ. சேரும்போது பூர்த்தி செஞ்ச படிவத்துல அப்பா கைபேசி எண், அம்மா கைபேசி எண் ரெண்டும் கட்டாயம். ஏன்னு அப்ப புரியல. அடுத்த ஒன்றரை வருஷம் அட்மிஷன் பிரிவிலிருந்து மாசம் ஒரு போன் வந்தப்ப புரிஞ்சது.

பொண்ணு சந்தோஷமாத்தான் திரும்பி வந்தா. வீட்டை விட்டு அஞ்சு ராத்திரி தனியா இருந்திருக்கா, மதுரைப் பொண்ணு ஒருத்தி சிநேகிதி ஆயிருக்கா, மெஸ் சாம்பாரைத் திட்டக் கத்துக்கிட்டிருக்கா. இதெல்லாம் ஒண்ணுமில்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில "என்ன பண்ணப் போற?"ன்னு கேட்டேன். "என்னப்பா பண்றது? கேம்ப்தான் முடிஞ்சுபோச்சே"ன்னா.

ஒரு முகாமை மதிப்பிட இந்த மறுநாள் கேள்வி போதும்னு இப்ப எனக்குத் தோணுது. அஞ்சு நாள்ல யாரும் இயற்பியல் கத்துக்க முடியாது. பத்து நாள்லயும் முடியாது. அதனால "என்ன கத்துக் கொடுத்தாங்க"ங்கற கேள்வியே குறுகிய கால முகாமுக்குப் பொருந்தாது. வீட்டுக்குத் திரும்பற பையன் கையில முடிக்காத வேலை ஒண்ணு இருக்கா? இதைத்தான் பார்க்கணும். இருந்தா அஞ்சு நாளும் தகும். இல்லன்னா அது சுற்றுலா. சுற்றுலாவும் நல்லதுதான், ஆனா அதுக்கு சுற்றுலான்னு பேர் வைக்கணும்.

தனியார் கல்லூரிகளைத் திட்டறது சுலபம். அதனால இந்த வடிவத்தின் நல்ல உதாரணத்தையே எடுத்துப்போம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008 டிசம்பர்ல இன்ஸ்பயர் திட்டத்தைத் தொடங்கிச்சு. அதில் ஒரு பகுதி, பதினொண்ணாம் வகுப்பு அறிவியல் மாணவர்களுக்கான அஞ்சு நாள் முகாம். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுல முதல் ஒரு சதவீதத்துல வந்திருக்கணும். நாடு முழுக்க வருஷத்துக்கு 50,000 பேர் இலக்கு. முகாமுக்கு இருநூறு பேர் வரைக்கும். மாணவர்கிட்ட ஒரு பைசா வாங்கறதில்ல. நாட்டின் முன்னணி விஞ்ஞானிகள், சில இடங்கள்ல நோபல் பரிசு பெற்றவங்ககூட, வந்து பேசணும்ங்கறது திட்டம். வியாபாரம் இல்ல, போன் தொல்லை இல்ல, நோக்கத்துலயும் குறை சொல்ல முடியாது.

ஆனா வடிவம் அதேதான். ஒரு பெரிய அரங்கம், மேடையில ஒருத்தர், கீழே இருநூறு பேர். காலையில ரெண்டு பேச்சு, மத்தியானம் ஒரு செய்முறை. "பெரியவங்களைப் பார்த்தா பசங்களுக்கு உத்வேகம் வரும்"ங்கற நம்பிக்கை திட்டத்தின் பேர்லயே இருக்கு. எனக்கு அந்த நம்பிக்கை மேலதான் சந்தேகம். உத்வேகம் சோடா மாதிரி. திறந்த உடனே பொங்கும், அரை மணி நேரத்துல வெறும் தண்ணி. விஞ்ஞானியைப் பார்த்த பையனுக்கு விஞ்ஞானி ஆகணும்னு ஆசை வரலாம். ஆனா விஞ்ஞானி காலையில எழுந்து என்ன பண்றார்ங்கறது அந்தப் பேச்சுல தெரியாது. பல வருஷ வேலையை அவர் அம்பது நிமிஷத்துல வழவழன்னு சொல்லி முடிச்சுடுவார். தடுமாறின நாட்கள் எல்லாம் ஸ்லைடுல வராது. பையன் கத்துக்கறது ஒண்ணே ஒண்ணு: "இவர் வேற ஆளு, நாம வேற ஆளு."

இதுக்கு நேர் எதிரான ஒரு முகாம் உலகத்துல அறுபது வருஷத்துக்கு மேல நடந்துட்டு இருக்கு. ஆர்னால்ட் ராஸ்னு ஒரு கணிதப் பேராசிரியர் (1906–2002), சிகாகோவுல பிறந்து ஒடெசாவுல வளர்ந்தவர். 1957 கோடையில அமெரிக்காவின் நோத்ர் டாம் பல்கலைக்கழகத்துல பள்ளி மாணவர்களை வைச்சு ஆரம்பிச்சார். ஸ்புட்னிக் பயத்துல அமெரிக்கா அறிவியல் கல்வியில காசைக் கொட்டினதுனால வந்த திட்டம்னு இதைச் சிலர் சொல்லுவாங்க. ஸ்புட்னிக் ஏறினது 1957 அக்டோபர் 4. ராஸ் அதுக்குச் சில மாசம் முந்திட்டார். 1964-ல ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச்சு. அவர் இறந்த பிறகும் தொடருது.

அங்க என்ன நடக்குது? பாடம் ஒண்ணே ஒண்ணு: எண் கோட்பாடு. டிரோன் கிடையாது, ரோபோ கிடையாது. காலையில ஒரு வகுப்பு, கையில ஒரு கணக்குத்தாள். மீதி நாள் முழுக்க அந்தத் தாளோட மல்லுக்கட்டணும். வகுப்புல சொல்லித் தந்ததைப் போட்டுப் பழகற தாள் இல்ல அது. வகுப்புல இன்னும் வராததுதான் தாள்ல இருக்கும்.

மாதிரிக்கு ஒண்ணு பாருங்க. இது நானே எடுத்துக்கிட்ட உதாரணம், ஆனா வகை அதுதான். எந்த எண்களை ரெண்டு வர்க்கங்களின் கூட்டலா எழுத முடியும்? பூஜ்ஜியத்தையும் வர்க்கமா எடுத்துக்கலாம். 5 = 1 + 4. 13 = 4 + 9. 17 = 1 + 16. ஆனா 7 வராது, 11 வராது, 19 வராது. பேப்பர்ல இருபது முப்பது எண் எழுதிப் பார்த்தா ஒற்றை எண்கள்ல ஒரு ஒழுங்கு கண்ணுல படும். நாலால வகுத்தா மீதி 3 வர்றது எதுவுமே வரல. ஏன்னு கண்டுபிடிக்கறது ஒன்பதாம் வகுப்புப் பையனால முடியும்: எந்த வர்க்கத்தையும் நாலால வகுத்தா மீதி 0 இல்ல 1 தான், ரெண்டைக் கூட்டினா 3 எப்படி வரும்? சரி, அப்ப மீதி 1 வர்ற எண் எல்லாம் வருமா? 5 வருது, 9 வருது (0 + 9), 13, 17 வருது. அடுத்தது 21. உட்கார்ந்து பாருங்க, வராது. அனுமானம் உடைஞ்சுபோச்சு.

இந்த இடத்துல ராஸ் முகாமுக்கு ஒரு வழக்கம் இருக்கு. கணக்குத்தாள்ல அடிக்கடி வர்ற கட்டளை மூணு படி உடையது: நிறுவு, முடியலன்னா தப்புன்னு காட்டு, தப்புன்னா, அதுல காப்பாத்த முடிஞ்சதைக் காப்பாத்து. மூணாவது படிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 21 ஏன் வரல? அது 3 × 7. ரெண்டுமே வராத கூட்டத்தைச் சேர்ந்தவை. அப்ப பகா எண்களுக்கு மட்டும்னு அனுமானத்தைச் சுருக்கினா? 5, 13, 17, 29, 37, எல்லாம் வருது. இப்ப இது உண்மை. ஃபெர்மா இதை 1640-ல கடிதத்துல எழுதினார், நிறுவல் வெளியே வர ஆய்லர் வரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பதினஞ்சு வயசுப் பையன் தன் கையால எழுதின பட்டியல்லேர்ந்து அந்த வாசல் வரைக்கும் வந்து நிக்கறான். கதவு திறக்கல. ராத்திரி தூக்கம் வராது. இவனை "மறுநாள் என்ன பண்ணப் போற?"ன்னு நாம கேக்க வேண்டியதில்ல.

நம்ம பள்ளிக்கூடத்துல இந்த மூணாவது படிக்கு இடமே இல்லங்கறதையும் சொல்லியாகணும். தப்புன்னா சிவப்பு மையில ஒரு கோடு, அத்தோட சரி. என் தொழில்ல நாள் பூரா நாங்க பண்றது இந்தக் காப்பாத்தற வேலைதான். உடைஞ்ச நிரலைத் தூக்கிப் போடறதில்ல. எந்த உள்ளீட்டுக்கு உடையுது, எதுவரைக்கும் சரியா ஓடுதுன்னு பார்க்கறோம். அதைப் பள்ளியில ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரல. வேலைக்குச் சேர்ந்து சீனியர்கிட்ட திட்டு வாங்கிக் கத்துக்கிட்டேன்.

ராஸ் முகாமின் இன்னொரு அம்சம், பேராசிரியரைவிட அங்க முக்கியமானவங்க முந்தின வருஷங்கள்ல அதே முகாமுக்கு வந்துட்டு இப்ப கல்லூரியில படிக்கற அண்ணன்கள், அக்காக்கள். அதே விடுதியில தங்கறாங்க. ஒவ்வொரு பையன் எழுதினதையும் தினமும் படிச்சு, "இந்த வரியிலேர்ந்து இந்த வரிக்கு எப்படிப் போனே?"ன்னு எழுதித் திருப்பித் தர்றாங்க. நாலு வருஷம் முன்னாடி இதே கணக்குல இதே இடத்துல முட்டிக்கிட்டு நின்ன ஆளு பக்கத்து அறையில இருக்கான். மேடையில இருக்கற விஞ்ஞானியால இதைக் கொடுக்க முடியாது. அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் முடியாது.

ராஸ்கிட்ட படிச்சவங்கள்ல சிலர் சேர்ந்து 1989-ல பாஸ்டன் பல்கலைக்கழகத்துல பிராமிஸ்னு ஒண்ணு தொடங்கினாங்க. 2015-ல ஆக்ஸ்ஃபோர்டு. 2023-ல பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்துல பிராமிஸ் இந்தியா, ஆறு வாரம். நம்ம ஊர்லயே பார்த்தா 1993-லேர்ந்து எம்.டி.டி.எஸ். நடக்குது. பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கினது, தேசிய உயர் கணித வாரியத்தின் நிதி. அது கல்லூரி மாணவர்களுக்கானது, நாலு வாரம். ஆனா முறை இதே சாயல்: ஆசிரியர் சொல்லிட்டே போகமாட்டார், கேட்டுக்கிட்டே இருப்பார், பதில் வகுப்புலேர்ந்து வரணும். அப்புறம் எங்க சிறுசேரியிலயே சி.எம்.ஐ. இருக்கு. 1989-ல ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளைக்குள்ள சி.எஸ். சேஷாத்ரி ஆரம்பிச்ச கணித நிறுவனம், 2005-லேர்ந்து சிப்காட் வளாகத்துக்குள்ள. என் அலுவலகப் பேருந்து தினமும் அந்தப் பக்கம்தான் போகும். அங்க படிக்கற மாணவர்களே ஸ்டெம்ஸ்னு பள்ளி மாணவர்களுக்கும் சேர்த்து நாடு தழுவிய தேர்வு வைச்சு, நல்லாப் போட்டவங்களை வளாகத்துக்குக் கூப்பிடறாங்க. நிர்வாகம் நடத்தற முகாமுக்கும் மாணவர்களே நடத்தறதுக்கும் உள்ள வித்தியாசம் மேல சொன்ன அண்ணன்-அக்கா விஷயம்தான்.

சரி, இதுவரைக்கும் ராஸ் புகழ். இனி வர்றதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

யாரை உள்ளே விடறதுங்கற கேள்வியில மூணு வழி இருக்கு. முதல் வழி காசு. இது நம்ம ஊர்ல மட்டும் இல்ல. ஹார்வர்டுல பள்ளி மாணவர்களுக்கு ரெண்டு வார முகாமுக்கு 5,000 டாலருக்கு மேல. அதுல சேர்ந்தா ஹார்வர்டுல இடம் கிடைக்கும்னு நினைக்கற பெற்றோர் சென்னையிலயும் இருக்காங்க. அப்படி ஒரு சலுகையும் இல்லன்னு இந்த மாதிரி முகாம் நடத்தற பல பல்கலைக்கழகங்கள் தாங்களே சொல்லுது. இதைப் பத்தி மேல பேச ஒண்ணுமில்ல.

ரெண்டாவது வழி மதிப்பெண். இன்ஸ்பயர் வழி. தமிழ்நாட்டுல பத்தாம் வகுப்பு எழுதறவங்க ஏறக்குறைய 9 லட்சம். ஒரு சதவீதம்னா 9,000 பேர். அந்த ஒன்பதாயிரம் பேர் யாருன்னு ஊகிக்க ஆய்வு எதுவும் தேவையில்ல. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஏற்கெனவே டியூஷன் இருக்கு, புத்தகம் இருக்கு, வழி சொல்ல ஆள் இருக்கு. முகாம் இல்லாமயே போய்ச் சேருவாங்க. மழை பெய்யற இடத்துலயே தண்ணி ஊத்தற மாதிரி. இஸ்ரோ 2019-ல ஆரம்பிச்ச யுவிகா இந்த விஷயத்துல கொஞ்சம் யோசிச்சிருக்கு. ரெண்டு வாரம், விண்வெளி மையங்கள்லயே தங்கி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு அதுலயும் பெரிய பங்கு உண்டு, ஆனா கிராம ஊராட்சிப் பகுதிப் பள்ளியில படிக்கறவங்களுக்குத் தனி மதிப்பெண் வைச்சிருக்காங்க. முட்டுக்காடும் ஊராட்சிதான். ஆனா முதல் வருஷம் ஒரு மாநிலத்துக்கு மூணு பேர். தமிழ்நாட்டுக்கும் மூணு, சின்ன யூனியன் பிரதேசத்துக்கும் மூணு. எண்ணிக்கை பின்னால கூடிச்சு, இருந்தாலும் லாட்டரி மாதிரிதான்.

மூணாவது வழி, வேலையைக் காட்டு, உள்ளே வா. ராஸும் பிராமிஸும் விண்ணப்பத்தோட சில கணக்குகள் தருவாங்க. கடிகாரம் கிடையாது, வீட்டுல உட்கார்ந்து நாள்கணக்கா யோசிக்கலாம். முழுசா முடிக்காட்டியும் எதுவரைக்கும் போனேன்னு எழுதலாம். நம்ம நாட்டுக்கும் இது புதுசு இல்ல. என்.சி.இ.ஆர்.டி. 1960-களின் நடுவுல ஆரம்பிச்ச தேசிய அறிவியல் திறனறித் தேர்வுல எழுத்துத் தேர்வோட, மாணவன் தானே செஞ்ச ஒரு புராஜெக்டின் அறிக்கையும் நேர்காணலும் இருந்தது. தேறினவங்களுக்குக் கல்லூரிக் காலத்துல கோடைப் பள்ளிகளும் இருந்தது. பின்னாடி அந்தத் திட்டம் பெருத்து வேற உருவம் எடுத்தப்ப புராஜெக்ட் காணாமப் போச்சு. லட்சம் பேர் எழுதற தேர்வுல அறிக்கையை யார் உட்கார்ந்து படிக்கறது? ஓ.எம்.ஆர். தாள் திருத்தறது சுலபம். (எங்க சாலையைச் சொல்லல.)

மூணாவது வழிதான் சரின்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். இப்ப அவ்வளவு நிச்சயமா சொல்ல வரல. காரணம் கோவளம் பக்கத்துப் பையன் ஒருத்தன்.

எங்க நிறுவனத்துல சமூகப் பொறுப்புன்னு வருஷத்துக்கு ஒரு தடவை அரசுப் பள்ளிப் பசங்களுக்கு மூணு நாள் பயிற்சி நடத்துவோம். ஒரு தடவை நான் நடத்தினேன். நிரல் எழுதறது எப்படின்னு நாப்பது ஸ்லைடு. ஆமா, மேல யாரையெல்லாம் விமர்சிச்சேனோ அதையேதான் நானும் பண்ணேன். முப்பது பசங்க மரியாதையா உட்கார்ந்திருந்தாங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "புரிஞ்சுது சார்"ன்னு ஒரே குரல். மூணாம் நாள் பிஸ்கட் பாக்கெட்டும் சான்றிதழும். ஒரு வாரம் கழிச்சு அந்தப் பசங்கள்ல ஒருத்தனை முட்டுக்காடு பாலத்துக்கிட்ட தூண்டிலோட பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு. "தம்பி, அன்னிக்குச் சொன்னதுல ஏதாவது ஞாபகம் இருக்கா?"ன்னேன். சிரிச்சான். "ஏசி நல்லா இருந்துச்சு சார்."

அது மே மாசம். மழைக்காலத்துல முகத்துவாரம் திறந்து உப்பங்கழித் தண்ணி கடல்ல கலக்கும், கோடையில மணல் திட்டு வளர்ந்து அடைஞ்சுபோகும். அது முட்டுக்காட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அன்னிக்கு அடைஞ்சிருந்தது. பேச்சுவாக்குல கேட்டேன்: "இந்தக் கழித் தண்ணியில உப்பு அதிகமா, கடல் தண்ணியிலயா?" யோசிக்காம, "கடல்லதான் சார்"ன்னான். "எப்படிச் சொல்ற?" "கடல்னா உப்புதானே?" எனக்கும் நிச்சயமாத் தெரியல. வீட்டுல சமையல் தராசு இருந்தது, ஒரு கிராம் வரைக்கும் காட்டும். கழுத்து குறுகின ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு எடுத்துக்கிட்டோம். ஒரே பாட்டில், ஒரே கோடு வரைக்கும். நல்ல தண்ணி ஒரு தடவை, கடல் தண்ணி ஒரு தடவை. சுமார் 26 கிராம் வித்தியாசம் வரணும், கிட்டத்தட்ட வந்தது. அப்புறம் கழித் தண்ணி. கடல் தண்ணியைவிட ரெண்டு மூணு கிராம் கூட.

தராசு சரியில்லன்னான். மறுபடி நிறுத்தோம். பாட்டில் நிறைஞ்சது சரியில்லன்னான். ஏன் குறுகின கழுத்து வேணும்னு அப்ப அவனே சொன்னான்: அகல வாயா இருந்தா ஒரு நூல் மட்டம் தப்பினாலும் பத்து கிராம் தப்பும். அப்புறம் வெயில்ல இருந்த தண்ணி சூடு, அதனால கணக்கு மாறுமோன்னு நான் கிளப்பி விட்டேன். நல்ல தண்ணியை வெயில்ல வைச்சும் நிழல்ல வைச்சும் நிறுத்தோம். பத்து டிகிரி சூடு ஏறினா லிட்டருக்கு மூணு கிராம் போல குறையும். அப்ப சூடான கழித் தண்ணி லேசாத்தானே இருக்கணும், எப்படிக் கனமா இருக்கு? ரெண்டையும் ராத்திரி பூரா வீட்டுக்குள்ள வைச்சு, காலையில ஒரே சூட்டுல நிறுத்தா வித்தியாசம் இன்னும் கூடிச்சு. பையனோட பாட்டி கேளம்பாக்கம் உப்பளத்துல வேலை பார்த்தவங்க. அவங்ககிட்ட போய்க் கேட்டிருக்கான். "வெயில்ல தண்ணி போயிடும், உப்பு எங்கடா போகும்?"னு சொல்லியிருக்காங்க. வந்து என்கிட்ட ஏதோ ரகசியம் மாதிரி சொன்னான்.

இது முகாம் இல்ல, ஒரு பையன், ஒரு தராசு. இதை வைச்சு எதையும் நிறுவினதா நான் சொல்லல. ஆனா ரெண்டு விஷயம் அதுக்கப்புறம் எனக்கு மாறிச்சு.

ஒண்ணு, இவன் விண்ணப்பக் கணக்கை வீட்டுல உட்கார்ந்து போட்டு அனுப்பியிருப்பானா? மாட்டான். விண்ணப்பம்னு ஒண்ணு இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அது ஆங்கிலத்துல இருக்கும். எழுதி அனுப்பினாலும் ஆறு வாரம் பெங்களூர்ல இருக்க முடியாது. லீவுல கடற்கரையில மாமா கடையில நிக்கறான், அந்தக் காசுலதான் ஜூன்ல நோட்டு, பை எல்லாம். உதவித்தொகை செலவை ஏத்துக்கும், வராத வருமானத்தை யார் தருவா? வேலையைக் காட்டு, உள்ளே வாங்கறது நியாயமான வாசல்தான். ஆனா அந்த வாசல் எந்தத் தெருவுல இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் நியாயம்.

இன்னொண்ணு, வளாகம் எதுக்கு? பல்கலைக்கழக வளாகத்துல பசங்களைத் தங்க வைக்கறதுக்கு ராஸ் காலத்துல காரணம் இருந்தது: கணக்கைத் தவிர எதுவும் கண்ணுல படக்கூடாது. நம்ம ஓ.எம்.ஆர். வளாகங்கள்ல வளாகமே காட்சிப் பொருள். இங்க ரெண்டு மூணு கிலோமீட்டர்ல ஒரு உப்பங்கழி வருஷா வருஷம் மூடித் திறக்குது. கரையில மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கள நிலையம் இருக்கு. இத்தனை கோடை முகாம் விளம்பரத்துல "முகத்துவாரம் ஏன் அடையுது?"ன்னு ஒரு வரி நான் பார்த்ததில்ல. டிரோன் எல்லாத்துலயும் இருக்கு. அந்த டிரோனை வாரம் ஒரு தடவை முகத்துவாரத்துக்கு மேல விட்டுப் படம் எடுத்தாலே ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கு.

நான் ஒரு வளாகத்தின் பொறுப்புல இருந்தா, கேளம்பாக்கம், கோவளம், முட்டுக்காடு, திருப்போரூர் அரசுப் பள்ளிகள்லேர்ந்து இருபது பேர். இருநூறு வேண்டாம். தமிழ்ல. நாள் முழுக்க இல்லாம காலையில மூணு மணி நேரம், கடைக்குப் போறவன் போகட்டும். ஒரே ஒரு கேள்வி. முதல் வருஷம் வந்தவங்கள்ல நாலு பேர் அடுத்த வருஷம் அண்ணன், அக்காவா வரணும். சான்றிதழ் வேண்டாம்னு எழுத நினைச்சேன். பசங்க வீட்டுச் சுவர்ல அது எப்படித் தொங்குதுன்னு பார்த்திருக்கேன், அதனால அது இருக்கட்டும். இதுல எனக்கே பதில் தெரியாத இடம், அந்த இருபது பேரை எப்படித் தேர்ந்தெடுக்கறதுங்கறது. ஆசிரியரைக் கேட்டா முதல் ரேங்க் பையனைத்தான் அனுப்புவார். ஏசி நல்லா இருந்துச்சுன்னு சொன்னவன் அந்தப் பட்டியல்ல வரவே மாட்டான்.

அவன் இப்ப பத்தாம் வகுப்பு. ஞாயித்துக்கிழமை காலையில வர்றான், ஒவ்வொரு வாரமும் இல்ல. நோட்டுல தேதி, இடம், எடை, "வெயில் / மேகம்"னு நாலு கட்டம் போட்டு வைச்சிருக்கான். போன ஐப்பசியில முகத்துவாரம் திறந்த வாரம் எடை சரசரன்னு இறங்கி நல்ல தண்ணிக்குப் பக்கத்துல வந்தது. அதுக்கு மேல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டிருக்கான். போன வாரம் வந்து, பாலத்துக்குக் கீழே மேல்தண்ணியும் ஆழத்துத் தண்ணியும் ஒரே எடையான்னு கேட்டான். ஆழத்துத் தண்ணியை மேல்தண்ணி கலக்காம எப்படி எடுக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. பாட்டில் மூடியில கயிறு கட்டி, கீழே போனதும் இழுத்துத் திறக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு பார்த்தோம். மூடி திறக்கல, கயிறு அறுந்து பாட்டில் போச்சு. இந்த ஞாயிறு தக்கை வைச்சுப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கான்.